துப்பாக்கிக் குழல் நிறத்தில் ஒரு பலாக் கத்தி

போன வாரம் ஒரு நண்பர் கேட்டாரு: "பழைய துப்பாக்கிக் குழல்ல ஒரு நீலக் கருப்பு மினுமினுப்பு இருக்குமே, அதை வீட்டிலேயே கொண்டு வர முடியுமா?"

துப்பாக்கியை முதல்ல ஓரமா வெச்சிடலாம். 1959 ஆயுதச் சட்டம் 5-ஆம் பிரிவுப்படி, துப்பாக்கியைத் தயாரிக்க மட்டுமில்ல, பழுது பார்க்கவும் உரிமம் வேணும். ஆனா அதே நிறத்தை ஒரு கத்திக்குக் கொடுக்கலாம்.

பண்ருட்டியிலிருந்து நெய்வேலி போற வழியில காடாம்புலியூர். பலாவுக்கும் முந்திரிக்கும் பேர் போன பக்கம். பலா வெட்டுற இரும்புக் கத்தியை மழைக்காலத்துல ஒரு ராத்திரி ஈரத்தோட விட்டா போதும், காலையில செந்துருப் பிடிச்சிருக்கும்.

செந்துரு உதிரும். உதிர்ந்த இடத்துல புது இரும்பு வெளியே தெரியும், அதுவும் துருப்பிடிக்கும். கருப்புத் துரு வேற ரகம். அதுக்குப் பேர் மேக்னடைட். இரும்போட ஒட்டிக்கிட்டு மெல்லிய தோல் மாதிரி நிக்கும். அந்தத் துப்பாக்கி நிறம் சாயம் இல்லை, இந்தத் துருதான்! செந்துருவைக் கொதிநீரில் போட்டால் அது கருப்பாக மாறும். மொத்த வித்தையும் இதுதான்.

செய்முறை:

1. பிடியைக் கழற்றுங்க. எமரி பேப்பரால் துருவை எடுத்து, சோப்புப் போட்டு எண்ணெய்ப் பிசுக்கே இல்லாமல் கழுவுங்க. அப்புறம் வெறும் கையால தொடக் கூடாது, கையுறை போடுங்க.

2. மெடிக்கல் ஷாப் ஹைட்ரஜன் பெராக்சைடு 6 சதவீதம்னா, சம அளவு தண்ணீர் கலந்து, ஒரு சிட்டிகை உப்பு போட்டு, துணியில் நனைச்சு மெலிசாத் தடவுங்க. மெல்லிய செந்துரு சீராகப் படரணும். மிச்சக் கலவையை மூடி வைக்காதீங்க, வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கலாம்.

3. எவர்சில்வர் பாத்திரத்தில் சுத்தமான தண்ணீரில் 15 நிமிஷம் கொதிக்க விடுங்க. சிவப்பு கருப்பாகும்.

4. ஒட்டாத கரியை நைஸான இரும்பு நாரால் மெதுவாகத் தேய்ச்சு எடுங்க. இதையே நாலஞ்சு தடவை செஞ்சா நிறம் ஆழமாகும்.

5. கடைசியில் புதுத் தண்ணீரில் ஒரு கொதி. உப்பு போயிடணும். சூடு ஆறுறதுக்குள்ள எண்ணெய் தடவி ஒரு ராத்திரி விடுங்க.

எவர்சில்வர் கத்தியில் இது நடக்காது, சாதா இரும்பு வேணும்.

இப்போ ரெண்டு எச்சரிக்கை. அடுப்பில் சுட்டும் நீலம் வரும், சுமார் 300 டிகிரியில. கடிகார முள்ளுக்கு அது சரி. கத்தியைச் சுட்டா, பட்டறையில் ஏத்தின பதம் இறங்கிடும், அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் வாய் நிக்காது. ரெண்டாவது, தொழிற்சாலைகள்ல காஸ்டிக் சோடாவும் நைட்ரேட்டும் கலந்து 140 டிகிரியில் முக்கி எடுப்பாங்க. வீட்டில் வேண்டவே வேண்டாம். அந்தச் சூட்டில் கொஞ்சம் தண்ணீர் விழுந்தாலும் காரம் முகத்துல தெறிக்கும், கண்ணே போயிடலாம்.

கடைசியா ஒண்ணு. கருப்பு மட்டும் துருவைத் தடுக்காது. அதோட நுண்துளைகள்ல நிக்கிற எண்ணெய்தான் காவல். எலுமிச்சை பட்டா நிறம் கரையும், தீட்டின வாய்ல கருப்பே இருக்காது. அதனால வெட்டி முடிச்சதும் துடைச்சு, ரெண்டு சொட்டு எண்ணெய் தடவி வைங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!