ஆசிரியர் மாணவராகும்பொழுது



பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய பவணந்தி முனிவர், தமது நன்னூலின் பொதுப்பாயிரத்திலே மாணாக்கரை மூவகைப்படுத்தினார். அன்னமும் பசுவும் போல்வார் தலைமாணாக்கர். மண்ணும் கிளியும் போல்வார் இடைமாணாக்கர். ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் பன்னாடையும் போல்வார் கடைமாணாக்கர். இருமுறை சொல்லியும் விளங்காது விழிக்கும் பிள்ளையை ‘இஃது ஓட்டைக் குடம்’ என்று ஒதுக்கிவிடுதல் எவர்க்கும் எளிது. ஓட்டை எங்கே உள்ளது, உண்மையில் ஓட்டைதான் உண்டோ என்று ஆராய்தலே அரிது. அவ்வாராய்ச்சிக்கு ஆசிரியரைத் தூண்டும் வழியொன்று உண்டு. தாம் சிறிதும் அறியாத ஒன்றை அவர் புதிதாகக் கற்பதே அவ்வழியாகும்.

இதற்கு ஏற்றதொரு கருவி ‘ஸ்கிறாச்’ என்பது. அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் மிச்சல் ரெஸ்னிக் என்பாரின் குழுவினர் அதனை ஆக்கி, 2007ஆம் ஆண்டில் உலகுக்கு அளித்தனர். கணினிக்கு இடும் கட்டளைகள் அதில் வண்ணக் கட்டைகளாகத் திரையில் தோன்றும். அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால், திரையிலுள்ள பூனை அவ்வண்ணமே நடக்கும், திரும்பும், பேனாவால் கோடும் வரையும். நமது நாட்டு இடைநிலை வகுப்புகளின் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திலும் ஸ்கிறாச் இடம்பெற்றுள்ளது.

செட்டிகுளப் பகுதியிலுள்ள எமது பாடசாலையில் ஆசிரியர் சிலர், பாடவேளை முடிந்தபின் கணினி அறையிற் கூடி இதனைப் பயின்றனர். தமிழ் கற்பிப்போரும் சமயம் கற்பிப்போரும் அவருள் இருந்தனர். மூத்த கணித ஆசிரியர் ஒருவரும் இருந்தார். சமபக்க முக்கோணி ஒன்றை வரையுமாறு பயிற்சி தரப்பட்டது. ‘நூறு அடி நட, அறுபது பாகை திரும்பு, இதனை மும்முறை செய்’ எனக் கணித ஆசிரியர் கட்டைகளை அடுக்கினார். பூனை நடந்தது, முக்கோணி உருவாகவில்லை. அறுகோணத்தின் பாதியே திரையில் நின்றது.

அவர் எண்ணியதில் நியாயம் இல்லையா? சமபக்க முக்கோணியின் உட்கோணம் அறுபது பாகையே. ஆயினும், நடந்து செல்லும் பூனை திரும்பவேண்டியது புறக்கோணத்தின் அளவுக்கு. அது நூற்றிருபது பாகை. அவர் எழுந்து, தரையில் மூன்று பக்கங்களைத் தாமே நடந்து பார்த்தபின் இது தெளிவாயிற்று. பிழை அறியாமையால் வந்ததன்று. சரியான அறிவொன்று பொருந்தாத இடத்திற் புகுந்ததால் வந்தது. நம் மாணவர் கொப்பிகளிற் காணும் பிழைகளிற் பல இத்தகையனவே. சிவப்பு மையால் ஒரு குறுக்குக்கோடு இடுவோர்க்கு அது புலப்படாது; ‘இவ்விடை உனக்கு எப்படி வந்தது?’ என்று வினவுவோர்க்கே புலப்படும்.

இவ்வுண்மையை முன்னரே வற்புறுத்தியவர் சீமோர் பப்பேற். தென்னாபிரிக்காவிற் பிறந்த அவர், ஜெனீவாவில் பியாஜேயுடன் பணியாற்றியவர். 1967இல் சிறுவர்க்கான ‘லோகோ’ என்னும் கணினி மொழியைத் தம் தோழர்களுடன் ஆக்கியவர். ஸ்கிறாச் அம்மரபில் வந்ததே. கணினியிற் பிழை நேர்ந்தால் ‘தவறு’ என்று முடித்துவிடுவதில்லை. எந்த அடியிற் பிழைத்தது என்று தேடித் திருத்துகின்றோம். பிள்ளையின் விடையையும் அவ்வாறே நோக்குக என்பது அவர் கருத்து.

பயிற்சியில் மற்றொன்றும் விளங்கிற்று. கற்பித்த இளைஞர், விரைவு கருதி ஒருவர் கையிலிருந்த சுட்டியைத் தாமே வாங்கித் திருத்திக் கொடுத்தார். பூனை சரியாக ஓடிற்று. ஆனால் கற்க வந்தவர் ஒன்றும் கற்கவில்லை. ‘இது மிகச் சுலபம்’ என்ற சொல்லும், அது சுலபமாகத் தோன்றாதவரின் வாயை அடைத்தது. முப்பது ஆண்டு கற்பித்தவரே மீண்டும் வினவக் கூசினார் எனின், பன்னிரண்டு வயதுப் பிள்ளை கூசுவதில் வியப்பென்ன?

இஃது எம் பகுதிக்குப் பெரிதும் வேண்டுவதொன்று. போரும் இடப்பெயர்வும் வன்னியில் ஒரு தலைமுறையின் கல்வியை இடைமுறித்தன. 2009ஆம் ஆண்டில் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் இலட்சக்கணக்கானோர் தங்கவைக்கப்பட்டதை நேயர் அறிவர். அன்று கல்வியிழந்த சிறுவர் பலர் இன்று பெற்றோராயுள்ளனர். தம் பிள்ளையின் கணக்கைத் திருத்திக் கொடுக்க அவர்களுக்கு விருப்பம் உண்டு, வகை இல்லை. ஆதலால் வகுப்பில் விளங்காதது வீட்டிலும் விளங்காது. ‘எனக்குக் கணக்கு வராது’ என்று அப்பிள்ளை ஒருமுறை முடிவுசெய்துவிட்டால், அம்முடிவை மாற்றவல்லவர் பெரும்பாலும் ஆசிரியர் ஒருவரே.

கணினி இல்லாத பாடசாலையிலும் இதனைச் செய்யலாம். முற்றத்து மணலில் ஒரு பிள்ளை பூனையாக நிற்க, மற்றையோர் கட்டளையிட, அவள் நடந்து முக்கோணி வரையட்டும். ஆசிரியரும் ஒருமுறை பூனையாக நிற்கட்டும். ஆண்டுக்கு ஒன்றேனும் புதிதாகக் கற்கும் ஆசிரியர், விளங்காமையின் துன்பத்தை மறவார். அதனை மறவாதவர் எப்பிள்ளையையும் ஓட்டைக் குடம் என்று எளிதில் ஒதுக்கமாட்டார்.