பேறுகாலத்தில் பயிற்சி பெற்ற துணை

மகப்பேறு நோயன்று, இயற்கையான நிகழ்வு. பெரும்பாலான பிரசவங்கள் இடரின்றியே முடிகின்றன. ஆயினும் எந்தப் பிரசவத்தில் இடர் தோன்றும் என்பதை முன்கூட்டியே உறுதியாகக் கூற இயலாது. பேறுகாலம் முழுவதும் நலமாயிருந்த தாய்க்கும், குழந்தை பிறந்த சில நிமிடங்களில் கடும் உதிரப்போக்கு ஏற்படலாம். ஆகவேதான் ஒவ்வொரு பிரசவத்தின்போதும் பயிற்சி பெற்ற ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும்.

முற்காலத்தில் கிராமங்களில் மருத்துவச்சியே பிரசவம் பார்த்தார். அவரிடம் அனுபவமும் அன்பும் இருந்தன. ஆனால் இடர் நேர்ந்தால் கொடுக்க மருந்து இல்லை. இன்று அப்பொறுப்பைக் கிராம சுகாதாரச் செவிலியரும் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரும் ஏற்றுள்ளனர். சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசின் நெறி. 2018-20ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, ஓர் இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தனர். தமிழ்நாட்டில் 54 பேர். இக்குறைவிற்குச் செவிலியர்களின் பணியும் ஒரு முக்கியக் காரணம். 2018ஆம் ஆண்டில் மத்திய அரசு, செவிலியர்களுக்கு 18 மாத மகப்பேற்றுச் சிறப்புப் பயிற்சிக்கான வழிகாட்டு நெறிகளையும் வெளியிட்டது.

பயிற்சி கற்றுத்தருவது என்ன?

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்திற்கு அரை லிட்டருக்கும் மேலான இரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்தவுடன் கருப்பை இறுகிச் சுருங்கினால்தான் அங்குள்ள இரத்தக் குழாய்கள் அடைபடும். இதற்கு உதவவே குழந்தை பிறந்தவுடன் தாய்க்கு 10 யூனிட் ஆக்சிடோசின் ஊசி போடப்படுகிறது. வயிற்றின் மீது கை வைத்துக் கருப்பை இறுகியுள்ளதா எனச் செவிலியர் அடிக்கடி பார்ப்பதும் இதற்காகவே. இரத்த அழுத்தம் மிகுந்து வலிப்பு வந்தால், மெக்னீசியம் சல்பேட் மருந்தின் முதல் தவணையைக் கொடுத்துவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பவும் அவர் பயின்றிருக்கிறார்.

குழந்தைக்கோ முதல் நிமிடமே முக்கியமானது. ஏறத்தாழ 10 சதவீதக் குழந்தைகளுக்கு மூச்சைத் தொடங்கச் சிறிது உதவி தேவைப்படுகிறது. உடலைத் துடைத்து, முதுகைத் தேய்த்தும் மூச்சு வரவில்லையெனில், ஆம்பு பை மூலம் காற்றூட்ட வேண்டும். இதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. பழகிய கைகள் தேவை. நலமாய்ப் பிறந்த குழந்தையைத் தாயின் மார்பில் வெற்றுடலோடு அணைத்து வைப்பதும், ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் கொடுக்கச் செய்வதும் அவர் கடமையே.

குடும்பத்தினரின் பங்கு

செவிலியர் எத்துணைத் தேர்ச்சி பெற்றிருப்பினும், அவர் சொல்லைக் குடும்பம் கேளாவிடில் பயனில்லை. தாய்மார்களின் இறப்பிற்கு மூன்று தாமதங்கள் காரணமாகின்றன: முடிவெடுப்பதில் தாமதம், மருத்துவமனையை அடைவதில் தாமதம், அங்கே சிகிச்சை கிடைப்பதில் தாமதம். முதலாவது வீட்டிலேயே நிகழ்வது. “இராகு காலம் கழியட்டும்”, “பெரியவர்கள் வரட்டும்” எனக் காத்திருக்கும் அரைமணி நேரம் ஓர் உயிரின் விலையாகிவிடலாம். செவிலியர் “உடனே புறப்படுங்கள்” என்றால் 108 ஊர்தியை அழைத்துப் புறப்படுங்கள்.

பின்வரும் அறிகுறிகளில் ஒன்று தென்பட்டாலும் காத்திருக்கலாகாது:

- கர்ப்பிணிக்கு: கடுந்தலைவலி, பார்வை மங்கல், முகவீக்கம், வலிப்பு, உதிரப்போக்கு, பனிக்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல்.
- பிரசவித்த தாய்க்கு: ஒரு மணி நேரத்திற்குள் ஒரு நாப்கின் முழுவதும் நனையும் அளவு உதிரப்போக்கு, காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு.
- குழந்தைக்கு: பால் குடிக்க மறுத்தல், உடல் சில்லிடுதல், வேகமான மூச்சு, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மஞ்சள் நிறம்.

பிறந்த குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ சேனையாகத் தொட்டு வைக்க வேண்டாம். பிறந்தவுடன் குளிப்பாட்டினால் உடல் வெப்பம் குறையும். முதல் நாள் குளியலைத் தவிர்த்துவிடுங்கள். தொப்புள்கொடியில் மஞ்சளோ சாம்பலோ பூசாமல் உலர்வாக விடுங்கள்.

இம்மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பின், உங்கள் பகுதிச் செவிலியர் நலம் விசாரிக்க வருவார். வாசலிலேயே “எல்லாரும் நலம்” என்று கூறி அவரை அனுப்பிவிடாதீர்கள். உள்ளே அழைத்துத் தாயையும் சேயையும் காட்டுங்கள். நாம் காணத் தவறும் ஒரு குறியை அவருடைய கண்கள் கண்டுகொள்ளக்கூடும்.