கன்னியர் மடத்து மூளைகள்

மூப்பும் மூளையும் – 9

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மான்கேட்டோ என்றொரு ஊர். அங்கே குன்றின்மேல், நோட்ர டாம் பள்ளிச் சகோதரிகள் சபையின் கன்னியர் மடம் இருந்தது. வாழ்நாளெல்லாம் பள்ளிக்கூடங்களில் பாடம் நடத்தி ஓய்ந்த சகோதரிகள் கடைசிக் காலத்தைக் கழித்த இடம். 1986இல் டேவிட் ஸ்னோடன் என்ற இளம் ஆய்வாளர் அங்கே போனார். வயதான காலத்தில் சிலருக்கு மட்டும் ஏன் புத்தி தடுமாறுகிறது என்பது அவருடைய கேள்வி. சில ஆண்டுகளில் அதே சபையின் மற்ற மடங்களுக்கும் ஆய்வு விரிந்தது. சகோதரிகளிடம் அவர் மூன்று விஷயங்களைக் கேட்டார். அவ்வப்போது நினைவாற்றல் சோதனைக்கு உட்கார வேண்டும். மடத்தில் இருக்கும் தங்கள் பழைய ஏடுகளைப் பார்க்க விட வேண்டும். இறந்தபின் மூளையைக் கொடுக்க வேண்டும். 75 வயது நிரம்பிய 678 பேர் சரி என்றார்கள்.

கண் தானத்துக்கே நாலு சொந்தக்காரர்களின் சம்மதம் கேட்கும் ஊரில் இருந்துகொண்டு இதை எழுதும்போது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

இப்படிப்பட்ட ஆய்வுக்குக் கன்னியர் மடத்தைவிட நல்ல இடம் அமையாது. அதே வீடு, அதே சாப்பாடு, அதே மருத்துவ வசதி, பெரும்பாலும் அதே ஆசிரியர் வேலை. சிகரெட் புகை, குடி, வறுமை என்று கைகாட்ட எதுவும் இல்லை. ஒரு சகோதரிக்கு வந்தது பக்கத்து அறைச் சகோதரிக்கு வரவில்லையென்றால், காரணம் தேட வேண்டிய இடம் ஏற்கெனவே பாதியாகக் குறைந்துவிட்டது.

சென்ற வாரம் அல்சைமர் நோயில் மூளைக்குள் சேரும் புரதப் படிவுகளையும் முடிச்சுகளையும் பார்த்தோம். மறதி நோய்க்கு அவை மட்டுமே காரணம் என்றால், படிவு எவ்வளவோ தடுமாற்றமும் அவ்வளவு இருக்க வேண்டும். மடத்திலிருந்து வந்த மூளைகள் இந்தக் கணக்குக்கு ஒத்துவரவில்லை. சிஸ்டர் மேரி என்பவர் 101 வயதில் இறந்தார். கடைசிவரை சோதனைகளில் நல்ல மதிப்பெண் வாங்கியவர். அவர் மூளையைத் திறந்து பார்த்தால், உள்ளே முடிச்சுகளும் படிவுகளும் ஏராளம்.

1997இல் ஸ்னோடன் குழு வெளியிட்ட கட்டுரைதான் இந்த வாரத்துக்கான விஷயம். இறந்துபோன 102 சகோதரிகளின் மூளைகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். நுண்ணோக்கியில் பார்த்ததில் 61 பேருக்கு அல்சைமர் இருந்தது. ஆனால் அந்த 61 பேரும் வாழ்ந்த காலத்தில் ஒரே மாதிரி இல்லை. படிவுகள் இருந்தும் பக்கவாதத்தின் தடம் எதுவும் இல்லாதவர்களில் 57 சதவீதம் பேருக்கே மறதி நோய் வெளியில் தெரிந்திருந்தது. மூளையின் ஆழத்தில் ஓரிரு சின்னஞ்சிறு பக்கவாதத் தழும்புகள் இருந்தவர்களிலோ 93 சதவீதம் பேருக்கு. அந்தத் தழும்பு ஒவ்வொன்றும் ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவான குழி. மருத்துவர்கள் அதை லாக்யூன் என்பார்கள். கை கால் விழாமல், வாய் கோணாமல், யாரும் ஆம்புலன்ஸைக் கூப்பிடாமலேயே வந்துபோன பக்கவாதமாகவும் அது இருக்கலாம்.

இதைவிட முக்கியம் மீதி 41 பேர் கதை. அவர்களுக்கு அல்சைமர் இல்லை. அவர்களிலும் சிலருக்குப் பக்கவாதத் தழும்புகள் இருந்தன. ஆனால் அவர்களுடைய புத்தித் தெளிவை அவை பெரிதாகக் கெடுத்திருக்கவில்லை. படிவோடு ரத்தக்குழாய்ச் சேதமும் சேரும்போதுதான் மூளையால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 'இது அல்சைமரா, ரத்தக்குழாய்க் கோளாறா' என்று இரண்டில் ஒன்றைக் கேட்டே நாம் பழகிவிட்டோம். 80 வயது மூளைக்குள் பெரும்பாலும் இரண்டும் இருக்கும். படிவைத் தடுப்பது நம் கையில் அவ்வளவாக இல்லை. ரத்தக்குழாய் அப்படியல்ல.

அந்தச் சின்னக் குழாய்கள் ஏன் கெடுகின்றன? மூளையின் எடை உடல் எடையில் 2 சதவீதம்தான். உடல் செலவிடும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கு வேண்டும். சேமித்துவைக்க இடமும் கிடையாது. மேற்பரப்பில் ஓடும் தமனிகள் ஒன்றோடொன்று கைகோத்திருப்பவை. ஒரு வழி அடைபட்டால் ஓரளவுக்காவது இன்னொரு வழி கைகொடுக்கும். ஆழத்துக்குள் இறங்கும் குழாய்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அவை பாயும் பகுதிகள் கடைமடை வயல் மாதிரி: வரும் ஒரே வாய்க்காலில் வந்தால்தான் உண்டு. நூலளவே உள்ள இந்தக் கிளைகள் பெரிய தமனியிலிருந்து நேராகப் பிரிவதால், ரத்தக்கொதிப்பின் அடி அவற்றின் சுவர்மீது குறையாமல் விழுகிறது. அடி தாங்கித் தாங்கிச் சுவர் தடிக்கிறது, விறைக்கிறது, உள்வழி குறுகுகிறது. ஒருநாள் அடைத்துக்கொள்கிறது. 1960களில் பாஸ்டனில் மில்லர் ஃபிஷர் என்ற நரம்பியல் மருத்துவர், இறந்தவர்களின் மூளையைச் சீவல் சீவலாக வெட்டி, ஒவ்வொரு குழியிலிருந்தும் அதற்குரிய குழாயைப் பின்தொடர்ந்து போய், அடைப்பு எங்கே என்று கண்டுபிடித்தார். கண்ணைக் கெடுக்கும் வேலை. இன்றைக்கு எம்.ஆர்.ஐ. படத்தில் வெள்ளைத் திட்டுகளாகத் தெரிவதன் பொருளைப் புரிந்துகொள்ள அவர் உழைப்பும் ஒரு காரணம்.

இந்தச் சேதம் வெளியே தெரியும் விதமும் வேறு. அல்சைமரில் பெரும்பாலும் புது நினைவு முதலில் போகும். காலையில் வந்த விருந்தாளியை மாலையில் கேட்டால், யாரும் வரவில்லை என்பார்கள். இங்கே பிள்ளைகள் மருத்துவரிடம் சொல்வது இப்படி: "ஞாபகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு டாக்டர். எதுலயும் ஒரு பிடிப்பு இல்லாம இருக்கார். பேங்க் ஃபாரம் நிரப்ப அரை மணி நேரம் ஆகுது." விருந்தாளியின் பெயர் சட்டென்று வராது, முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்தால் வந்துவிடும். குழம்பு வைக்கத் தெரியும், ஆனால் எதை முதலில் போடுவது என்பதில் தடுமாற்றம். பாதம் தரையை விட்டு எழும்பாமல், சின்னச் சின்ன அடியாக நடை. கழிப்பறைக்கு அவசரம். இதையெல்லாம் 'வயசாயிடுச்சு' என்ற ஒரே வார்த்தையில் நாம் முடித்துவிடுகிறோம். நடையும் யோசனையும் சேர்ந்தே மந்தமானால், வயதைக் குறை சொல்வதற்கு முன் பிரஷரைப் பார்க்க வேண்டும்.

பிரஷரைக் குறைத்தால் புத்தி தப்புமா என்ற கேள்விக்கு 2019இல் ஓரளவு பதில் வந்தது. ஸ்பிரிண்ட் என்ற அமெரிக்க ஆய்வில் 50 வயது தாண்டிய 9,361 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு மேல் அழுத்தத்தின் இலக்கு 140க்குக் கீழே, மற்றதற்கு 120க்குக் கீழே. தீவிரமாகக் குறைத்த பிரிவில், மறதி நோய்க்கு முந்தைய லேசான தடுமாற்றம் 19 சதவீதம் குறைந்தது. முழு மறதி நோயும் குறைந்தது போலத் தெரிந்தது, ஆனால் உறுதியாகச் சொல்ல எண்ணிக்கை போதவில்லை. இதயத்துக்கு அவ்வளவு தெளிவான பலன் கிடைத்ததால் 2015லேயே சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள். மூளைக்கான பதிலுக்கு இன்னும் சில ஆண்டுகள் தேவைப்பட்டன.

உறுதியான பதில் கொஞ்சமும் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 2025இல் வெளியான சீன ஆய்வு. 326 கிராமங்கள், கட்டுப்படாத ரத்தக்கொதிப்புள்ள கிட்டத்தட்ட 34,000 பேர். சிகிச்சையை நடத்தியவர்கள் பெரிய மருத்துவமனை நிபுணர்கள் இல்லை, குறைந்த பயிற்சி பெற்ற கிராம வைத்தியப் பணியாளர்கள். விலை குறைந்த மாத்திரை, வீட்டில் அளக்க ஒரு கருவி, 130/80க்குக் கீழே என்ற இலக்கு, விடாத கண்காணிப்பு. நான்கு ஆண்டுகளில் மறதி நோய் 15 சதவீதம் குறைந்தது.

இதைப் படித்தபோது எனக்கு 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நினைவுக்கு வந்தது. பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கும் திட்டம். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது என்றுதான் அதைப் பற்றிப் பேசுகிறோம். மூளைக்கான திட்டமாகவும் அதைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். 'மாரடைப்பு வரும்' என்றால் அசராதவர்கள்கூட, 'பேரன் பெயர் மறந்துபோகும்' என்றால் மாத்திரையை ஒழுங்காகப் போடுவார்கள்.

எப்போது தொடங்குவது? லண்டன் அரசு அலுவலர்கள் 8,639 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. 50 வயதில் மேல் அழுத்தம் 130ஐத் தொட்டவர்களுக்குப் பிற்காலத்தில் மறதி நோய் வரும் வாய்ப்பு கூடியிருந்தது. 60இலும் 70இலும் அளந்த அழுத்தத்தோடு அப்படியொரு தொடர்பு தெரியவில்லை. நாற்பதுகளில் இருப்பவர் தலைவலி இல்லை, மயக்கம் இல்லை என்று மாத்திரையைத் தானாக நிறுத்துவதில் உள்ள சிக்கல் இதுதான். குழாய் கெடும்போது வலிக்காது.

அளக்கிற முறையையும் சொல்லியாக வேண்டும். ஸ்பிரிண்ட் ஆய்வில் ஐந்து நிமிடம் சும்மா உட்காரவைத்து, மூன்று முறை அளந்து, சராசரி எடுத்தார்கள். நாமோ மாடிப்படி ஏறி, டோக்கன் சண்டை போட்டு, மூச்சு வாங்க நாற்காலியில் விழுந்ததும் கையில் பட்டையைச் சுற்றுகிறார்கள். அந்த எண்ணைப் பார்த்து மருந்தைக் கூட்டுவதும் தப்பு, 'டென்ஷன்லதான் ஏறிச்சு' என்று தள்ளிவிடுவதும் தப்பு. உட்கார்ந்து, மூச்சு அடங்கியபின் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். எழுந்து நின்றால் தலைசுற்றும் 85 வயதுப் பாட்டிக்கு 120 இலக்கு பொருந்தாமல் போகலாம். அதை அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்று. ஸ்பிரிண்ட் ஆய்வில் சர்க்கரை நோயாளிகளைச் சேர்க்கவே இல்லை. நம் வீடுகளில் பிரஷரும் சர்க்கரையும் பெரும்பாலும் ஒரே மாத்திரை டப்பாவில் இருப்பவை. சர்க்கரை அந்தக் குழாய்களை என்ன செய்கிறது என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)