பசியும் பாதாளமும்

விளையாட்டைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் மலர்க்குழு நண்பர் ஒருவர் முகம் சுளித்தார். கணிப்பொறி விளையாட்டு பொழுதைக் கொல்வது. அதில் ஆராய என்ன இருக்கிறது என்பது அவர் கேள்வி. பொழுதைக் கொல்வது உண்மைதான். ஆனால் நான் சொல்ல வந்த விளையாட்டில் பொழுதும் நம்மைக் கொல்லும். அதனாலேயே எழுதத் துணிந்தேன்.

1980-ஆம் ஆண்டையொட்டி, கலிபோர்னியாவில் மாணவராயிருந்த மைக்கேல் டாய், கிளென் விச்மன் என்னும் இருவர் ‘ரோக்’ என்றொரு விளையாட்டை எழுதினர். பின்னர்க் கென் அர்னால்டும் அவர்களுடன் சேர்ந்தார். அதில் படமும் இல்லை, பாட்டும் இல்லை. திரையில் தெரிவன எல்லாம் எழுத்துகளே. பகைவர்கள் ஆங்கிலப் பெரிய எழுத்துகள். நம் வீரனோ ஒரு சிறு குறி. பாதாளத்தில் இருபத்தாறு தளங்கள் இறங்கி, ஒரு தாயத்தை எடுத்துக்கொண்டு மீண்டும் மேலே வரவேண்டும். தளங்கள் ஒவ்வோர் ஆட்டத்திலும் புதிதாக அமையும். இறந்தால் மறுபிறவி கிடையாது. முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இவ்வழியில் பின்னர்த் தோன்றியவற்றையெல்லாம் ‘ரோக் இனம்’ என்று சொல்வது வழக்கமாயிற்று.

இவ்வினத்தின் தனித்தன்மை ஒன்றுண்டு. நாம் ஓர் அடி வைத்தால் பகைவனும் ஓர் அடி வைப்பான். நாம் எண்ணிக்கொண்டிருக்கும் வரையில் அவனும் அசையான். சதுரங்கம் போன்றது. கைவேகம் வேண்டுவதில்லை, கருத்துப் போதும். ஆனால் சதுரங்கத்தில் இல்லாத தொல்லை ஒன்று இங்கே முளைக்கிறது. அடிபட்ட வீரன் சும்மா நின்றால் காயம் ஆறுகிறது, தெம்பு திரும்புகிறது. அப்படியானால் ஒவ்வொரு சண்டைக்குப் பின்னும் மூலையில் நின்று முழுத் தெம்பும் பெற்ற பிறகே அடுத்த கதவைத் திறப்பான் அறிவாளி. அதைத் தடுப்பது எது?

பசிதான்.

ரோக்கின் கணக்கைப் பாருங்கள். தொடக்கத்தில் வீரன் வயிற்றில் 1300 முறைகளுக்குச் சோறு இருக்கிறது. ஒரு முறைக்கு ஒன்று குறையும். 300-க்கு வரும்போது ‘பசி’ என்ற அறிவிப்பு, 150-இல் ‘தளர்ச்சி’, ஒன்றுமில்லாமற் போனால் அடிக்கடி மயங்கி விழுவான். அதற்குப் பிறகும் 850 முறைகள் தாண்டினால் பட்டினிச் சாவு. இனி மறுபக்கம். முதற்படியில் இருக்கும் வீரனுக்கு உயிர்ப்புள்ளிகள் 12. அமைதியாக இருந்தால் ஏறக்குறைய 19 முறைகளுக்கு ஒரு புள்ளி ஏறும். பத்துப் புள்ளிகளை இழந்தவன் அவற்றை மீட்க 190 முறைகள் நிற்கவேண்டும். தொடக்கச் சோற்றில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு ஒரே ஓய்வுக்குப் போய்விடுகிறது! காயத்தை ஆற்றும் மருந்தின் விலை சோறு என்றாகிறது. படிநிலை உயர உயர ஆறும் வேகமும் கூடும். ஏழாம் படியில் ஏழு முறைகளே போதும். ஆனால் அப்போது எதிர்ப்படும் பகையும் பெரிது.

சோறு எங்கே கிடைக்கும்? தரையில் கிடந்தால் உண்டு. கடை இல்லை, வயல் இல்லை. இங்கேதான் அம்மாணவர்களின் மதியைக் காண்கிறேன். சில தளங்கள் தொடர்ந்து உணவின்றிப் போனால், அடுத்து உருவாகும் பொருள் உணவாகவே இருக்கும்படி எழுதிவைத்தார்கள். ஆகவே கீழே இறங்குகிறவனுக்குச் சோறு உண்டு. நின்ற இடத்திலேயே நிற்பவனுக்கு இல்லை. போதாக்குறைக்கு, அலைந்து திரியும் பகை வேறு அவனைத் தேடி வரும்.

தெம்புக்கும் கடுமைக்கும் உள்ள உறவு இதனால் விளங்கும். தெம்பு இலவசமாக மீளுமானால், ஒவ்வொரு சண்டையும் தனித்து நின்று ஆளைக் கொல்லும் அளவுக்குக் கடுமையாக இருக்கவேண்டும்; இல்லையேல் அச்சண்டைக்குப் பொருளே இல்லை. தெம்பு மீளவே மீளாதென்றால், இரண்டாம் தளத்தில் பட்ட ஒரு துரதிர்ஷ்ட அடி பத்தாம் தளத்தில் வந்து கொல்லும். எங்கே தவறினோம் என்று ஆடுபவனுக்குத் தெரியாது. முன்னது சலிப்பு, பின்னது அநீதி.

1987-இல் வந்த ‘நெட்ஹேக்’ பசியை வேறு விதமாக வளர்த்தது. கொன்ற விலங்கையே தின்னலாம். ஆனால் பழைய பிணமானால் நஞ்சு. அளவுக்கு மீறித் தின்றால் மூச்சடைத்தும் சாகலாம். தளர்ச்சி வந்தபோது கடவுளை வேண்டினால் வயிறு நிறையும். அடிக்கடி வேண்டினால் கடவுளுக்குச் சினம். வேடிக்கையான ஏற்பாடு, மறுப்பதற்கில்லை. ஆனால் சற்றே தேறியவனுக்குச் சோற்றுக்குப் பஞ்சமே இல்லாமற் போகிறது. பசி அங்கே கடிகாரமாக இல்லை, கதையாக இருக்கிறது என்பது என் எண்ணம்.

‘டஞ்சன் கிரால் ஸ்டோன் சூப்’ என்பதை ஆக்கி வருவோர் இன்னும் துணிந்தனர். 2021-இல் வெளிவந்த 0.26 பதிப்பில் பசியையே நீக்கிவிட்டனர். பழைய ஆட்டக்காரர் சிலர் முணுமுணுத்தனர். எனக்கு அது சரியென்றே படுகிறது. யாரையும் கொல்லாத பசி, மூட்டையில் ரொட்டியை எண்ணும் கணக்குப்பிள்ளை வேலையைத்தானே கொடுக்கிறது? நெடுநேரம் ஓரிடத்தில் தங்குவோரைத் தண்டிக்க அவர்கள் வேறு கடிகாரம் வைத்துக்கொண்டனர்.

நிற்க. இதையெல்லாம் நான் நூலறிவாகச் சொல்லவில்லை. சென்ற ஆண்டு விடுதியில் நாங்கள் மூவர் சேர்ந்து இவ்வினத்தில் ஒரு சிறு விளையாட்டை எழுதினோம். வீரனுக்குத் தெம்பு 20. ஒரு வெட்டுக்கு 4 செலவு. சும்மா நின்றால் முறைக்கு 2 வரவு. அழகான கணக்கென்று மகிழ்ந்தோம். முதலாமாண்டுத் தம்பி ஒருவரை ஆடச் சொன்னோம். அவர் ஒவ்வொரு கதவுக்கு முன்னும் நின்று, ஒரே விசையைப் பத்துமுறை தட்டினார். அரை மணிக்குப் பிறகு, “அண்ணா, இது ஆட்டமா, ஜபமா?” என்றார். எங்களுக்கு முகம் வெளுத்துவிட்டது.

மறுநாளே ஓய்வை ஒழித்தோம். உண்டால் மட்டும் தெம்பு. அதே தம்பி இரண்டாம் தளத்தில் நன்றாகவே ஆடினார். ஓர் ஓநாய் மட்டும் மூன்று முறை தொடர்ந்து கடித்தது. ஐந்தாம் தளத்தில் வாளை ஓங்கத் தெம்பின்றி நின்றே செத்தார். “நான் என்ன அண்ணா தப்புப் பண்ணினேன்?” என்று கேட்டபோது எங்கள் மூவரிடமும் விடை இல்லை. அந்தக் கேள்வி என்னைச் சில நாள் தூங்கவிடவில்லை. தேர்வில் தவறியதற்குக் காரணம் சொல்லாத ஆசிரியரை நாம் எவ்வளவு வைதிருக்கிறோம்!

வழி காட்டியது ‘டெஸ்க்டாப் டஞ்சன்ஸ்’ என்னும் தென்னாப்பிரிக்க விளையாட்டு. அதில் நின்றால் காயம் ஆறாது. இருளாய்க் கிடக்கும் புதிய கட்டத்தில் வெளிச்சம் படும்போதுதான் ஆறும். தளத்தில் காணாத கட்டங்கள் எத்தனையோ அத்தனையே மருந்து. அடிபட்ட பகைவனும் அப்போதே தேறிக்கொள்வான் என்பது அதில் உள்ள நுட்பம். எனவே எந்தச் சண்டைக்கு முன் எவ்வளவு இருளைச் செலவிடுவது என்பதே ஆட்டமாகிவிடுகிறது.

அதைப் பார்த்து நாங்களும் மாற்றினோம். புதிய அறைக்குள் முதன்முறை காலடி வைத்தால் தெம்பு 6, நின்றால் ஒன்றுமில்லை, பசி என்ற கணக்கே இல்லை. தளத்துக்கு ஒன்பது அறைகள். ஓநாயின் கடியையும் சிறிது குறைத்தோம். தம்பி நான்கு மணிநேரம் ஆடி எட்டாம் தளத்தில் இறந்தார். “மூணு அறையை மிச்சம் வெச்சிருக்கணும் அண்ணா, அவசரப்பட்டுட்டேன்” என்று சொல்லிவிட்டு, எங்களைக் கேளாமலே மறுபடியும் தொடங்கினார்.