தடவிப் பார்க்கும் தட்டு

ஸ்கூடாயிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு இனிப்பு நீரால் (நீரிழிவால்) பார்வை போய்விட்டது. கிளினிக்கில் கொடுத்த உணவுத் தாள் அவருக்கு வெறும் காகிதம். விளையாட்டாகச் சொல்லித்தர வழி உண்டா என்று கேட்கிறார்.

உண்டு. தோட்டத்தில் ஜெனரேட்டரை நிறுத்திய பிறகும் என் பாட்டி பல்லாங்குழி ஆடுவார். பதினான்கு குழிகளிலும் புளியங்கொட்டையை விரலே எண்ணும். அந்த ஆட்டத்துக்கு வெளிச்சம் தேவைப்படவில்லை.

பார்வையற்றோர் தட்டைக் கடிகாரமாகக் கொள்வார்கள். "மீன் 10 மணியில்" என்றால் கை நேரே அங்கே போகும். நம் மலேசியச் சுகாதார அமைச்சின் 'சுக்கு சுக்கு செபாரோ' (கால், கால், அரை) இதற்கென்றே பிறந்தது போலிருக்கிறது. 12 முதல் 6 வரை காய்கறி, பழம். 6 முதல் 9 வரை சோறு. 9 முதல் 12 வரை மீன், கோழி, பருப்பு. பிளாஸ்டிக் தட்டில் தடித்த கயிற்றை ஒட்டி மூன்று பங்காக்குங்கள். ஒவ்வோர் உணவுக்கும் ஒரு வில்லை செய்து பையில் போடுங்கள். ஒருவர் உணவின் பெயரைச் சொல்ல, மற்றவர் பையில் துழாவி அதற்குரிய வில்லையை எடுத்து இடம் பார்த்து வைக்க வேண்டும். உருளைக்கிழங்கில்தான் பலர் தோற்பார்கள். அதைக் காய்கறிப் பக்கம் வைப்பார்கள். அது சோற்றின் பங்காளி.

வில்லைகளில் பிரெயில் எழுத்தை ஒட்டினால் போதுமே என்று தோன்றும். ஜொகூர் பாருவில் 1948இல் தொடங்கிய பிரின்சஸ் எலிசபெத் பள்ளி போன்ற இடங்களில் சிறு வயதிலேயே பிரெயில் பழகியவர்களுக்கு அது சரி. ஐம்பது வயதில் பார்வை இழந்தவர் அதைப் படித்தவரல்லர். அதோடு, இனிப்பு நீர் நரம்பையும் அரிக்கும். பாதத்தில் தொடங்கும் மரத்துப்போதல் நாளடைவில் விரல்நுனிக்கும் வரலாம். அரை மில்லிமீட்டர் உயரமுள்ள புள்ளி அந்த விரலுக்கு எப்படித் தெரியும்? கீரைக்குக் கோணித் துணி, சோற்றுக்குப் பெரிய பாட்டில் மூடி, மீனுக்கு மரத்துண்டு என்று முரட்டு வேறுபாடு வேண்டும். இதை யோசிக்காமல் செய்த விளையாட்டு அலமாரியில்தான் கிடக்கும்.

2023ஆம் ஆண்டுத் தேசியக் கணக்கெடுப்பின்படி, மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இத்தனை பேருக்கும் அச்சடித்த தாளையே நீட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை. கிளினிக்கில் உணவு ஆலோசனை சொல்பவர்களே, உங்கள் மேசையில் இப்படி ஒரு தட்டு இருக்கட்டும். ஸ்கூடாய் வாசகியே, இன்றிரவு அப்பாவின் கையைப் பிடித்து 12 மணியில் தொடங்குங்கள்.