வீட்டில் கற்கும் குழந்தையும் பெற்றோர் கடமையும்

பள்ளி வயதுக் குழந்தைகளைக் கணக்கெடுக்கச் செல்லும் பஞ்சாயத்து உறுப்பினருக்கும் ஆசிரியருக்கும் சில வீடுகளில், "எங்கள் பிள்ளை வீட்டிலேயே படிக்கிறது" என்னும் விடை கிடைப்பதுண்டு. கேட்டவர் அதை ஏட்டில் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டிற்குப் போய்விடுகிறார். அவ்வாறு போய்விடலாகாது என்பதே நாம் இங்குக் கூற வந்தது. அந்த ஒரு விடைக்குள் அக்கறையோடு கற்பிக்கப்படும் குழந்தையும் இருக்கலாம். தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டு அடுப்படியில் பகலைக் கழிக்கும் ஒன்பது வயதுச் சிறுமியும் இருக்கலாம்.

காரைக்காலில் இவ்விஷயம் பேசப்படும்போது பிரெஞ்சு நாட்டு வழக்கம் குறுக்கே வருவது இயல்பு. இடையிடையே ஆங்கிலேயர் கைக்குப் போனது நீங்கலாக, 1739 முதல் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த பகுதி இது. 1962 ஆகஸ்டு 16-இல் இணைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர்களின் குடும்பங்கள் இன்றும் இங்கு உள்ளன. பிரான்சில் 1882 மார்ச்சு 28-ஆம் தேதிச் சட்டம், ஆறு வயது முதல் பதின்மூன்று வயது வரை கல்வியைக் கட்டாயமாக்கியது. பள்ளிக்குச் செல்வதைக் கட்டாயமாக்கவில்லை. தந்தை தாமே வீட்டில் கற்பிக்கலாம். தாம் விரும்பும் ஒருவரைக் கொண்டும் கற்பிக்கலாம். ஆனால் அதை மேயரிடம் தெரிவிக்க வேண்டும். குழந்தையும் ஆண்டுதோறும் பரீட்சைக்கு வர வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. அந்தச் சுதந்திரமும் பிற்காலத்தில் குறுகிவிட்டது. 2021 ஆகஸ்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2022-ஆம் ஆண்டுப் பள்ளித் தொடக்கம் முதல் அங்கேயே முன்னனுமதி பெறாமல் வீட்டில் கற்பிக்க இயலாது. ஆகவே, விடுமுறைக்கு வந்த உறவினர் "பிரான்சில் எவரும் கேட்கமாட்டார்கள்" என்று கூறினால், அது அங்கேயும் மெய்யன்று என அறிக.

நம் நாட்டுச் சட்டம் வேறு அடிப்படையில் அமைந்தது. அரசியல் சட்டத்தில் 2002-ஆம் ஆண்டு செய்யப்பட்ட 86-ஆவது திருத்தம், ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வியை 21-ஏ ஷரத்தின் மூலம் அடிப்படை உரிமையாக்கியது. அதே திருத்தம் 51-ஏ ஷரத்தில் குடிமக்களின் கடமைகளுள் ஒன்றாக, பெற்றோர் தம் குழந்தைக்குக் கல்வி வாய்ப்பளிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தது. இதனைச் செயற்படுத்த வந்த கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளது. அதன் 10-ஆம் பிரிவு, குழந்தையை அருகாமைப் பள்ளியில் சேர்ப்பது ஒவ்வொரு பெற்றோரின் கடமை என்கிறது. இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். உரிமை பெற்றோருடையதன்று, குழந்தையுடையது. பெற்றோருக்கு இருப்பது கடமை.

அப்படியானால் வீட்டில் கற்பிப்பது குற்றமா? குற்றம் என்று சட்டத்தில் ஓரிடத்திலும் சொல்லவில்லை. 10-ஆம் பிரிவை மீறிய பெற்றோருக்குத் தண்டனையும் விதிக்கவில்லை. அனுமதித்தும் ஒரு சொல் இல்லை. பெருநகரங்களில் கற்றறிந்த பெற்றோர் சிலர் இந்த இடைவெளியில் நின்றே தம் மக்களுக்கு வீட்டில் கற்பித்து வருகின்றனர். ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிவைத்து அங்கீகாரம் பெறாமல் பள்ளியாகவே நடத்தினால், 18-ஆம் பிரிவின்படி ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம் உண்டு.

வீட்டில் கற்பிப்பதன் பளுவை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. 2020 மார்ச்சில் தொற்று நோயினால் பள்ளிகள் மூடப்பட்டபோது ஒவ்வொரு வீடும் பள்ளியாக வேண்டியிருந்தது. விடியுமுன் படகேறும் தந்தையும், குறுவை நடவுக்குப் போகும் தாயும் எந்நேரத்தில் பாடஞ்சொல்லிக் கொடுப்பது? ஒரே ஒரு கைப்பேசி இருந்த வீட்டில் அது முதலில் அண்ணன் கைக்கே போயிற்று. ஓய்வும் படிப்பும் உள்ள பெற்றோருக்கே இயலக்கூடிய ஒன்றை, இரண்டும் இல்லாத வீட்டில் 'வீட்டுக் கல்வி' என்று பெயரிட்டு அழைப்பது குழந்தையை ஏமாற்றுவதாகும் என்பதே நம் கருத்து.

இயன்றவர்கள் செய்யட்டும். அவர்கள் எந்தப் பாடநூலைக் கையிலெடுக்கிறார்கள் என்பதையாவது முதலில் பார்க்க வேண்டும். புதுவை மாநில அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பாடத்திட்டத்திற்கு மாறியுள்ளன. மூத்த பிள்ளையின் பழைய புத்தகத்தை வைத்து இளையவனுக்குக் கற்பித்தால், நாளை அரசுப் பள்ளியில் சேரும்போது அவன் திகைப்பான். பதினான்கு வயது நிறைந்தவர்கள் பள்ளிக்குச் செல்லாமலேயே தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் மூலம் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். அந்நிறுவனத்தின் சான்றிதழைக் கொண்டு மேற்படிப்பிற்குப் போகலாம்.

கடும் ஊனமோ பல்வகை ஊனமோ உள்ள குழந்தைகளின் நிலை வேறு. 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, வீட்டிலிருந்தே கல்வி பெறுவதைத் தேர்ந்துகொள்ளும் உரிமை அவர்களுக்குச் சட்டத்திலேயே உண்டு. வீடு தேடிச் சென்று கற்பிக்கும் சிறப்பாசிரியர்களுக்குச் சமக்ர சிக்ஷா திட்டத்தில் இடமிருக்கிறது. பள்ளி அவர்களைக் கைகழுவிவிடுவதற்கு இது சாக்கு ஆகாது. நடக்க இயலாத குழந்தை பள்ளிக்கு வர விரும்பினால் சேர்த்துக்கொண்டே ஆக வேண்டும்.

இனி, அந்த ஒன்பது வயதுச் சிறுமியைப் பற்றி. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டபின், பதினான்கு வயதிற்குட்பட்டவரை எவ்வித வேலையிலும் அமர்த்தலாகாது. குடும்பத் தொழிலில் கைகொடுக்கலாம். அதுவும் ஆபத்தில்லாத தொழிலில், பள்ளி நேரத்திற்குப் பின்னரோ விடுமுறையிலோதான். மாலையில் தகப்பனாருக்கு வலை பிரித்துக் கொடுப்பதும், விடுமுறையில் களத்து நெல்லுக்குக் காவலிருப்பதும் தவறில்லை. பள்ளி மணி அடிக்கும் நேரத்தில் அவள் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தால், அது வீட்டுக் கல்வி அன்று. "பெண்தானே, நாலெழுத்து வீட்டில் தெரிந்துகொண்டால் போதும்" என்னும் பேச்சு இன்னமும் ஒழிந்தபாடில்லை.

பஞ்சாயத்தாருக்கு இதில் தெளிவான அலுவல் உண்டு. தன் எல்லைக்குள் வாழும் பதினான்கு வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளையும் பற்றிய பதிவேட்டை உள்ளாட்சி அமைப்பு வைத்திருக்க வேண்டும் என்று 9-ஆம் பிரிவு விதிக்கிறது. பிழைப்புத் தேடி வந்த வெளியூர்க் குடும்பங்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதும் அதன் பொறுப்பே. காரைக்காலில் திருநள்ளாறு, நிரவி, நெடுங்காடு, கோட்டுச்சேரி, திருமலைராயன்பட்டினம் ஆகிய ஐந்து கொம்யூன்கள் உள்ளன. 2006-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. மன்றம் கூடாத காலத்தில் பொறுப்பு அதிகாரிகள்மேல் விழுகிறதே அன்றி, பொறுப்பே இல்லாமற் போவதில்லை. பதிவேட்டில் 'வீட்டில் படிக்கிறது' என எழுதும்போது, யார் கற்பிக்கிறார், எந்நேரம், எந்நூல் என்றும் எழுதுக. குழந்தையை ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேட்பதற்கு ஐந்து நிமிஷம் ஆகும்.

பள்ளி சரியில்லை என்பதற்காகவே பிள்ளையை நிறுத்திவைத்திருக்கும் பெற்றோரும் உண்டு. இவர்களுடைய குறையைக் கேளாமல் அறிவுரை கூறுவது பயன் தராது. ஆசிரியர் அடித்தால் அது 17-ஆம் பிரிவின்படி தவறு. பெற்றோர் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்து மூலம் முறையிடலாம். மூன்று மாதத்திற்குள் முடிவு கூற வேண்டும். அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பதும் சட்டமே. அந்த இடங்களில் உட்காராமல் வீட்டிலிருந்து குறை சொல்பவரே மிகுதி.

வீட்டில் இருந்த குழந்தை எப்போது வந்தாலும் கதவு திறந்தே இருக்கிறது. வயதிற்கேற்ற வகுப்பிலேயே சேர்த்து, விட்டுப்போன பாடங்களுக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும் என்று 4-ஆம் பிரிவு கூறுகிறது. வயதுச் சான்று இல்லை, மாற்றுச் சான்றிதழ் வரவில்லை, சேர்க்கைக் காலம் கடந்துவிட்டது என்று சொல்லித் திருப்பியனுப்புதல் ஆகாது. இடையில் பதினான்கு வயது கடந்துவிட்டாலும், எட்டாம் வகுப்பு முடியும் வரை அக்குழந்தையிடம் கட்டணம் வாங்கக் கூடாது.