பொருட்களின் ஆயுளும் நம் ஓய்வு நேரமும்



ஞாயிறு திருப்பலிக்கு வராதவர்களை மறையுரையில் கடிந்துகொள்வது பங்குப் பணியாளர்களுக்கு எளிதாகக் கைவரும் ஒன்று. சென்ற தவக்காலத்தில் நாமும் அப்படிக் கடிந்துகொண்டோம். அதற்கு அடுத்த வாரம் வீடு மந்திரிக்கச் சென்றபோது, பேசும்போது நம் மனத்தில் இருந்த அதே மனிதரின் வீட்டுக்குள் நுழைந்தோம். காலை 11 மணி. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். மனைவி பதறிப்போய் எழுப்பினார்.

வாரத்தில் 6 நாள் பகலில் ஒரு கிடங்கில் வேலை. இரவு 8 மணிக்கு மேல் பைக்கில் வீடு வீடாக உணவுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. படுக்க 1 மணி, சில நாள் 2 மணி. வார விடுமுறை நாளின் காலையில்தான் அவர் உடல் கொஞ்சம் உறங்குகிறது. புதுநன்மைக்குத் தயாரித்துக்கொண்டிருக்கும் அவருடைய மகள், "அப்பா எந்திரிச்சதும் ஜெபம் சொல்லிக் காட்டணும்" என்று நம்மிடம் சொன்னாள்.

"எதற்காக இவ்வளவு?" என்று கேட்டோம். அவர் நம்மைப் பின்கட்டுக்கு அழைத்துச் சென்றார். அங்கே இரண்டு சலவை இயந்திரங்கள். ஒன்று புதியது. பழையதற்குள் வெங்காயம் கொட்டி வைத்திருந்தார்கள். "இதுக்குக் கடைசித் தவணை கட்டி ஒரு வருஷம்கூட ஆகல ஃபாதர். போர்டு போயிடுச்சாம். இந்த மாடலுக்கு இப்ப போர்டு வர்றதில்லையாம். புதுசாவே வாங்கிடுங்கன்னு சொல்லிட்டாங்க."

புதியதன் விலை 18,000 ரூபாய். பெட்ரோல் செலவு போக ஓர் இரவில் அவருக்கு நிற்பது 300 ரூபாய். ஆக அந்த இயந்திரத்தின் உண்மையான விலை 60 இரவுகள். கடைக்காரர் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டில் இந்தக் கணக்கு இருப்பதில்லை.

பொருட்கள் பழுதாவது இயற்கைதானே என்று நாம் எண்ணுகிறோம். பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் ஒரு பொருள் எத்தனை நாள் உழைக்க வேண்டும் என்பதை மேசையைச் சுற்றி உட்கார்ந்து சிலர் தீர்மானித்த வரலாறும் உண்டு.

1924ஆம் ஆண்டு டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் உலகின் பெரிய மின்விளக்கு நிறுவனங்கள் கூடின. ஜெர்மனியின் ஓஸ்ராம், நெதர்லாந்தின் பிலிப்ஸ் போன்றவை அவற்றுள் அடங்கும். அவை அமைத்த கூட்டணிக்கு 'ஃபீபஸ்' என்று பெயர். கிரேக்கரின் ஒளித் தெய்வத்தின் பெயர் அது! அக்காலத்தில் குண்டு பல்புகள் 1,500 மணி முதல் 2,000 மணி நேரம் வரை எரிந்துகொண்டிருந்தன. இனி 1,000 மணி நேரமே போதும் என்று அவை தங்களுக்குள் முடிவு செய்தன. ஒவ்வொரு தொழிற்சாலையும் மாதிரி பல்புகளைப் பொது ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்ப வேண்டும். விதித்த அளவை மீறி அதிக நேரம் எரியும் பல்பைச் செய்தவருக்கு அபராதம். நன்றாக உழைக்கும் பொருளைச் செய்ததற்குத் தண்டனை! இரண்டாம் உலகப்போர் மூண்டபோதுதான் இந்தக் கூட்டணி சிதைந்தது.

நியாயமாகச் சொல்ல வேண்டுமானால் மறுபக்கமும் உண்டு. அதிக நாள் எரியும் பல்பு மங்கலாக எரியும், வெளிச்சத்துக்கு ஏற்ற அளவைவிட மின்சாரத்தை அதிகம் தின்னும். கலிபோர்னியாவின் லிவர்மோர் தீயணைப்பு நிலையத்தில் 1901 முதல் எரிந்து வருகின்ற புகழ்பெற்ற பல்பும் இரவு விளக்கைப்போல மங்கலாகத்தான் ஒளிர்கிறது. பிரிட்டனில் 1951இல் இதை விசாரித்த ஆணையம், 1,000 மணி என்பது பொருந்தாத அளவல்ல என்றே கூறியது. அப்படியே இருக்கட்டும். ஆனால் எது வேண்டும் என்று தேர்ந்துகொள்ளும் உரிமையை வாங்குபவரிடமிருந்து பறித்தது ஏன்? அபராதம் எதற்கு?

இதைவிட நம்மைச் சிந்திக்க வைப்பது அதற்குச் சில ஆண்டுகளுக்குப்பின் அமெரிக்காவில் நடந்தது. 1929இல் தொடங்கிய பெரும் பொருளாதார வீழ்ச்சியில் இலட்சக்கணக்கானோர் வேலை இழந்து நின்றார்கள். அந்தத் துன்பத்துக்கு இருவர் இரண்டு மருந்து சொன்னார்கள்.

நியூயார்க்கைச் சேர்ந்த பெர்னார்ட் லண்டன் என்பவர் 1932இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஒவ்வொரு பொருளுக்கும் அரசே ஆயுட்காலம் குறிக்க வேண்டும்; காலம் முடிந்ததும் அது சட்டப்படி 'இறந்ததாக' அறிவிக்கப்பட்டு அழிக்கப்பட வேண்டும்; அப்போது மக்கள் புதிது வாங்குவார்கள், ஆலைகள் ஓடும், வேலை கிடைக்கும் என்பது அவர் யோசனை. அவரைக் கொடியவர் என்று சொல்வதற்கில்லை. வேலையற்றோர் மீதான இரக்கமே அவரை எழுத வைத்தது.

மற்றவர், தானிய உணவு தயாரித்த டபிள்யூ. கே. கெல்லாக். மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் கிரீக் நகரிலிருந்த தம் ஆலையில், 1930 டிசம்பரில், 8 மணி நேர ஷிப்டுகள் மூன்றை 6 மணி நேர ஷிப்டுகள் நான்காக மாற்றினார். மணிக்கூலியையும் உயர்த்தினார். மொத்தக் கூலி சற்றுக் குறைந்தாலும், கூடுதல் குடும்பங்களுக்கு வேலை கிடைத்தது. இதைப்பற்றிப் பின்னாளில் ஆராய்ந்து நூல் எழுதிய பெஞ்சமின் ஹன்னிகட், மிஞ்சிய அந்த 2 மணி நேரம் தோட்டத்துக்கும் பிள்ளைகளுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் போனதாகப் பதிவு செய்திருக்கிறார்.

ஒருவர் பொருளின் ஆயுளைக் குறைக்கச் சொன்னார். மற்றவர் வேலை நாளைக் குறைத்தார். உலகம் எதை எடுத்துக்கொண்டது என்பது நமக்குத் தெரியும். லண்டன் கேட்ட சட்டம் எங்கும் வரவில்லை, தேவைப்படவும் இல்லை. பசை போட்டு மூடிய செல்போன், நின்றுபோன உதிரிபாகம், ஆண்டுதோறும் மாறும் மாடல் ஆகியவையே அந்த வேலையைச் செய்துவிட்டன. கெல்லாக் ஆலையிலோ, போருக்குப்பின் தொழிலாளர்களில் பலர் கூடுதல் கூலிக்காக 8 மணி நேரத்துக்குத் தாங்களே வாக்களித்தார்கள். 6 மணி நேரத்தை விடாமல் பற்றிக்கொண்டிருந்த பிரிவுகளில் பெரும்பாலும் பெண்கள். 1985இல் அதுவும் முடிந்தது. ஆகவே முதலாளிகளை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நாம் தப்பிக்க முடியாது.

இதன் விலை சிறிதல்ல. உலக நலவாழ்வு நிறுவனமும் பன்னாட்டுத் தொழில் நிறுவனமும் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைத்ததன் காரணமாகப் பக்கவாதத்தாலும் இதய நோயாலும் 2016ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 7,45,000 பேர் இறந்தனர். நம் தமிழகத்திலும் தொழிற்சாலைகளில் நாளொன்றுக்கு 12 மணி நேரம்வரை வேலை வாங்க வழிசெய்யும் மசோதா 2023 ஏப்ரலில் சட்டப்பேரவையில் நிறைவேறி, எதிர்ப்பு எழுந்ததால் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. ஆனால் நாம் சந்தித்த அந்த மனிதரின் இரண்டாவது வேலையை எந்த மசோதா தடுக்கும்?

விவிலியத்தில் ஓய்வுநாள் கட்டளை இரண்டு இடங்களில் வருகிறது. விடுதலைப் பயண நூலில், கடவுள் ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார் என்பது காரணம். இணைச்சட்ட நூலிலோ காரணம் வேறு: எகிப்தில் அடிமையாய் இருந்ததை மறவாதே. வைக்கோல் தராமலே அதே அளவு செங்கல் கேட்ட பார்வோனிடமிருந்து விடுபட்ட மக்களுக்கு, ஓய்வு என்பது தாங்கள் இனி அடிமைகள் அல்ல என்பதன் அடையாளம். அது வேலைக்காரருக்கும் உண்டு, மாட்டுக்கும் உண்டு. அதே நூலின் 8ஆம் அதிகாரத்தில் நாம் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு செய்தியும் இருக்கிறது. பாலைவனத்தில் 40 ஆண்டுகள் நடந்தும் அவர்கள் உடுத்தியிருந்த ஆடை நைந்துபோகவில்லை என்பதையும் ஆண்டவரின் பராமரிப்பாக மோசே நினைவூட்டுகிறார். பொருள் நீடித்து உழைப்பதும் இறையருளே!

திருத்தந்தை 13ஆம் லியோ 1891இல் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடல், உடல் தாங்கும் அளவுக்கு மேல் வேலை வாங்கலாகாது என்றும் ஞாயிறு ஓய்வு வேண்டும் என்றும் கேட்டது. 2025இல் பொறுப்பேற்ற திருத்தந்தை 14ஆம் லியோ அப்பெயரைத் தேர்ந்ததற்கு அந்தச் சுற்றுமடலையே காரணமாகச் சொன்னார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் 'லவுதாத்தோ சி' மடலில் தூக்கியெறியும் கலாச்சாரத்தைக் கண்டித்து, குறைந்ததைக் கொண்டு மகிழும் வாழ்வுக்கு அழைத்தார்.

ஆனால் எளிமையைப் போதிக்கும்போது நமக்கு ஒரு தயக்கம் வருகிறது. பங்கு இல்லத்தில் இருந்துகொண்டு, பிள்ளைகுட்டி இல்லாத நாம், தவணை கட்டும் குடும்பத்தைப் பார்த்து ஆசையைக் குறையுங்கள் என்று சொல்வது எளிது. சலவை இயந்திரம் ஆடம்பரமா? துவைக்கும் கல்லில் முதுகொடிந்த நம் தாய்மாரைக் கேட்டால் தெரியும். அந்த வீட்டில் இருந்தது பேராசையல்ல. ஒருமுறை வாங்கியதை மறுமுறையும் வாங்க வேண்டி வந்ததுதான் அவர்கள் இரவுகளைத் தின்றது. எனவே எளிய வாழ்வு என்பதில், பழுதுபார்க்கக்கூடிய பொருளைக் கேட்டு வாங்கும் உரிமையும் அடங்கும். பிரான்சு நாடு 2015இல் திட்டமிட்டு ஆயுளைக் குறைப்பதைக் குற்றமாக்கியது. 2021 முதல் சலவை இயந்திரம், செல்போன் போன்றவற்றை எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்பதற்கு 10க்கு இத்தனை என்று மதிப்பெண் காட்ட வைத்தது. நம் நாட்டிலும் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்காக ஒரு குழு அமைத்தது.

ஆம்ஸ்டர்டாமில் 2009இல் தொடங்கிய பழுதுபார்க்கும் கூடுகைகளைப் பற்றிக் கேள்விப்பட்டு, நம் பங்கிலும் மாதம் ஒரு ஞாயிறு, இரண்டாம் திருப்பலிக்குப்பின் அப்படிக் கூடுகிறோம். பணி ஓய்வுபெற்ற எலெக்ட்ரீசியன் ஒருவர் சால்டரிங் அயனோடு மறைக்கல்வி அறையில் உட்காருகிறார். ஞாயிறன்று இதுவும் வேலைதானே என்று ஒரு பெரியவர் கேட்டார்; கேள்வி நியாயமானதே. சென்ற மாதம் 11 பொருட்கள் வந்தன. மிக்சி, அயன்பாக்ஸ், மேசை விசிறி என்று 6 உயிர் பெற்றன. செல்போன்களைத் திறக்கவே முடியவில்லை. வெங்காயம் கொட்டியிருந்த அந்த இயந்திரத்தையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். போர்டில் தீய்ந்துபோன ஒரு சிறு பாகம், 40 ரூபாய். ஓடுகிறது. புதியதை விற்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மகளுக்கு மே மாதம் முதல் ஞாயிறன்று புதுநன்மை. அதற்கு முந்தின சனி இரவு வண்டி எடுக்கப்போவதில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார்.